தொண்ணூறு நாள் தொடாத பட்டியல்

"அப்பா, இங்க இருக்கிறவங்க எல்லாரும் உங்களைத் திருடன்னு நெனைக்கிறாங்களா?"

எழுத்தரின் மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. பள்ளிக்கு விடுமுறை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் அன்று அவளை அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தார். வாசலில் அட்டையைக் காட்டினார். உள்வாசலில் விரலை வைத்தார். மாடிப்படியில் முகத்தைக் காட்டினார். மேசையில் கணினியைத் திறந்ததும் கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. அதை அடித்ததும், அடித்தது அவர்தானா என்று உறுதிசெய்ய இன்னொரு எண் வந்தது. குழந்தை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

"இல்லடா கண்ணு. இதெல்லாம் நம்ம பாதுகாப்புக்கு."

"நம்மன்னா யாருப்பா?"

அவர் பதில் சொல்வதற்குள் திரை அணைந்துவிட்டது. இரண்டு நிமிடம் தொடாமல் இருந்தால் அது அணைந்துவிடும். மறுபடி விரல், மறுபடி முகம், மறுபடி எண்.

அவர் வேலை பார்த்தது அரிய ரத்தக் கொடையாளர் நிலையத்தில். ரத்தத்தில் லட்சம் பேரில் ஒருவருக்கு மட்டுமே வாய்க்கும் வகைகள் உண்டு. அப்படிப்பட்ட ஒருவருக்கு ஆபத்து வந்தால், அதே வகைக்காரர் இன்னொருவர் எங்கிருந்தாவது வந்து கையை நீட்டினால்தான் உண்டு. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலை வைத்திருப்பதுதான் நிலையத்தின் வேலை. ஆரம்பத்தில் அது ஒரு நீல அட்டை போட்ட நோட்டு. மருத்துவமனையிலிருந்து போன் வந்தால் நோட்டைப் புரட்டி, கொடையாளரைக் கூப்பிட்டு, வண்டி அனுப்புவார்கள். மொத்தம் பத்து நிமிட வேலை.

பிறகு நோட்டு கிளவுடுக்குப் போனது. கிளவுட் என்றதும் வானத்தில் எதுவும் இருப்பதாக எண்ண வேண்டாம். எங்கோ ஓர் ஊரில் யாரோ வைத்திருக்கும் கணினியில் நமக்கு வாடகைக்கு ஓர் அறை, அவ்வளவுதான். முதலில் ஒரே கணக்கு இருந்தது. எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து என்று ஆலோசகர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் பெயர்கள் ஒரு கணக்குக்கும், ரத்த வகை இரண்டாவதற்கும், முகவரியும் தொலைபேசியும் மூன்றாவதற்கும் போயின. நான்காவது, முதல் மூன்றின் நகல். ஐந்தாவதில் யார் எந்தக் கணக்கில் நுழைந்தார்கள் என்ற பதிவு. ஆறாவதில் அந்தப் பதிவை யார் பார்த்தார்கள் என்ற பதிவு. ஏழாவது அனுமதிகளுக்கு. எட்டாவது விசாரணைகளுக்கு. ஒன்பதாவது எதற்கென்று யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே அதை மூடும் தைரியமும் யாருக்கும் வரவில்லை.

ஒன்பது கணக்குகளையும் காக்க அனுமதித் தூய்மைக் குழு என்று ஒன்று அமைந்தது. அதன் தலைவர் தாழ்ந்த குரலில் பேசுபவர். யாரையும் ஒரு நாளும் திட்டியதில்லை. தன் அறைக்கு வருபவருக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போடுவார். அவர் கொண்டுவந்ததுதான் உதிர்வு விதி. ஓர் ஊழியர் தமக்குள்ள அனுமதியைத் தொண்ணூறு நாள் பயன்படுத்தாவிட்டால் அது தானாக உதிர்ந்துவிடும்.

"பயன்படுத்தாத அனுமதி எதுக்கு? திருடன் நுழையறதுக்குத் திறந்து வச்ச ஜன்னல்தான் அது" என்று அறிமுகக் கூட்டத்தில் சொன்னார். எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது.

அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கு அறிவிப்புத் திரையில் உதிர்ந்தவர்களின் பெயர்கள் வரும். ஊழியர்கள் நின்று, குரலைத் தாழ்த்தி, படித்துவிட்டுப் போவார்கள். பெயர் வந்தவரை யாரும் நேராகப் பார்ப்பதில்லை. மூன்றாம் மாடியில் ஒருவருக்கு ஒவ்வொன்றாக எல்லா அனுமதியும் உதிர்ந்துவிட்டது. அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய அதிகாரிக்கு ராஜினாமாவை ஏற்கும் அனுமதி உதிர்ந்து போயிருந்தது. எனவே அவர் தினமும் வந்து அணைந்த திரையின் முன் ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தார். சில நாட்களில் அவர் அங்கே இருப்பதே மற்றவர்களுக்கு மறந்துவிட்டது.

மற்றவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். எண்பத்தொன்பதாம் நாள் தேவையிருக்கிறதோ இல்லையோ எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து மூடினார்கள். யார் யார் வீட்டு விவரமோ இப்படி வெறுமனே திறந்து மூடப்பட்டது.

எழுத்தரால் மட்டும் அது முடியவில்லை. கடவுளுக்குப் பயந்த மனிதர். ஒருவர் நம்மை நம்பித் தன் முகவரியைக் கொடுக்கிறார். காரணமில்லாமல் அதை எட்டிப்பார்ப்பது, ஊரார் வீட்டுத் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பதற்குச் சமம் என்று நினைத்தார். இருப்பதிலேயே அரிய வகைக்காரர்களின் பட்டியலை, மொத்தம் இருபத்தாறு பேர், திறக்கும் அனுமதி அவர் ஒருவரிடம்தான் இருந்தது; நான்கு மாதமாக அதை அவர் தொடவில்லை. கேட்டு யாரும் வரவில்லை, அதனால் திறக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது.

"சார், பெரிய ஆஸ்பத்திரில இருந்து நர்ஸ் பேசறேன். முப்பத்திரண்டு வயசுப் பொண்ணு. வயித்துல கட்டி, உள்ளேயே ரத்தம் கசியுது. வியாழக்கிழமை காலைல ஆபரேஷன், அதுக்கு மேல தள்ள முடியாதுங்கறார் டாக்டர். அந்த இருபத்தாறு பேர் வகை சார். ஒரு பையாவது வேணும்."

காலைத் திரையில் பெயர்களைப் படிக்கும் வழக்கம் எழுத்தருக்கு இல்லை; பட்டியலைத் திறக்கப் போனார். திரையில் ஒரு வரி வந்தது: தங்கள் அனுமதி உதிர்ந்துவிட்டது.

அவர் குளிர்பதன அறைக்கு ஓடினார். உறைய வைத்த பை ஒன்று இருந்ததாக ஞாபகம். அவர் வகையைச் சொன்னதும் இருப்பு அறை அம்மாள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தப் பையா தம்பி? அது இல்லையே."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கல. காலாவதியான பையை அழிக்கிற அனுமதி எனக்கு ஒண்ணு இருக்கு. காலாவதியே ஆகலைன்னாலும் எண்பத்தொன்பதாம் நாள் ஏதாவது ஒண்ணை அழிச்சாத்தான் அது என்கிட்ட நிக்கும். போன மாசம் கைக்குக் கிடைச்ச பையைப் போட்டேன்." அம்மாளின் குரல் இறங்கியது. "அது எந்த வகைன்னு போட்டப்புறம்தான் தெரிஞ்சுது. முன்னாடியே பாக்கற அனுமதி எனக்கு இல்ல தம்பி. இருந்திருந்தா போட்டிருக்க மாட்டேன்."

எழுத்தர் தன் மேசைக்குத் திரும்பி வந்தார். புதிய அனுமதிக்கு விண்ணப்பம் திறந்தார். எதற்காக வேண்டும் என்ற இடத்தில் நான்கு காரணங்கள் இருந்தன: தணிக்கை, பயிற்சி, சோதனை, மற்றவை. ரத்தம் கொடுப்பதற்கு என்று எங்கும் இல்லை. மற்றவை என்பதைத் தொட்டார். மற்றவை என்று வரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் கூட்டம் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை நடக்கும் என்று பதில் வந்தது.

மதியம் அந்தப் பெண்ணின் கணவர் நேரிலேயே வந்துவிட்டார். தச்சர். வேலையிலிருந்து அப்படியே வந்ததால் தலைமுடியில் மரத்தூள் இருந்தது. பார்வையாளர் அட்டை இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும் என்பதால், இரண்டு மணிக்கொரு முறை எழுந்து வெளியே போய், வரிசையில் நின்று, புது அட்டை வாங்கி, அதே நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார்.

"பட்டியல் இருக்குல்ல சார்?" என்று எழுத்தரிடம் கேட்டார்.

"இருக்கு."

"அப்ப சரி சார். இருந்தாப் போதும்" என்று தச்சர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு எழுத்தரைச் சுட்டது. நேரே தலைவர் அறைக்குப் போனார். தலைவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சுவரில் ஒரு பெரிய திரை முழுக்கப் பச்சையாக இருந்தது.

"உக்காருங்க. முகமே வாடியிருக்கே. தண்ணி குடிக்கிறீங்களா?"

எழுத்தர் விஷயத்தைச் சொன்னார். தலைவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க அந்தப் பட்டியலை ஏன் தொண்ணூறு நாளாத் திறக்கல?"

"தேவை வரல சார்."

"தேவையில்லாத அனுமதியை எடுத்ததுல என்ன தப்பு?"

"இப்பத் தேவை வந்துருச்சே சார்."

"தேவை வந்ததும் திறக்கணும்னா, திருடனும் அதைத்தானே சொல்வான்?"

"சார், ஒரு உயிரு."

தலைவர் வருத்தத்தோடு தலையசைத்தார். அந்த வருத்தம் உண்மையானது. "எனக்குப் புரியாம இல்ல. எனக்கும் குடும்பம் இருக்கு. ஆனா ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. கொடையாளர் போன் நம்பர் வெளியே போனா அது நம்ம கணக்குல வரும். நோயாளி உயிர் போனா, அது ஆஸ்பத்திரிக் கணக்குல." சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பச்சையைப் பாருங்க. பதினோரு மாசமா ஒரு புள்ளிகூட சிவக்கல."

"அவசர வழி ஒண்ணு இருக்கே சார். மூணு உறை..."

அது உண்மைதான். எல்லாக் கணக்குக்கும் மேலான கடவுச்சொல்லை மூன்று துண்டாக்கி மூன்று உறைகளில் வைத்திருந்தார்கள். ஒன்று தலைவரிடம். இரண்டாவது ஓய்வுபெற்ற அதிகாரியிடம். ஓய்வுபெற்ற அன்றே அவருடைய அட்டை செத்துவிட்டதால் உறையோடு பலமுறை வாசல்வரை வந்து திரும்பிப் போயிருந்தார். மூன்றாவது உறை மிகவும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று அதை ஸ்கேன் செய்து நான்காவது கணக்கில் போட்டுவிட்டு, காகிதத்தைக் கிழித்துவிட்டார்கள். அந்தக் கணக்கைத் திறக்க மூன்று உறைகளும் வேண்டும்.

எழுத்தர் எழுந்து போகாமல் நின்றார். இருபது வருட வேலையில் எந்த அதிகாரி முன்னாலும் அவர் அப்படி நின்றதில்லை. கடைசியில் தலைவரே இரங்கினார்.

"சரி, ஒரே ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு அனுமதி போட்டுத் தரேன். என் பேர்லயே போடறேன். இது நமக்குள்ள இருக்கட்டும்."

கணினிப் பக்கம் திரும்பி ஏதோ தட்டினார். நின்றார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி தட்டினார். திரையை எழுத்தருக்கும் தெரியும்படி மெல்லத் திருப்பினார். அனுமதி வழங்கும் தங்கள் அனுமதி உதிர்ந்துவிட்டது என்றிருந்தது. தலைவர் தொண்ணூறு நாளாக யாருக்கும் எதையும் வழங்கியிருக்கவில்லை.

இவர்தான் கடைசி ஆள் என்று எழுத்தருக்கு உறைத்தது. கொடுக்கும் அதிகாரம் இனி எவரிடமும் இல்லை. தலைவரின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் நிதானமாக ஒரு தெளிவு பரவியது.

"அப்படின்னா," என்றார் தாழ்ந்த குரலில், "வேலை முடிஞ்சுருச்சு."

மறுநாள், புதன்கிழமை பதினொரு மணிக்கு எல்லோரையும் பெரிய கூடத்துக்கு வரச் சொன்னார்கள். மேசைமேல் பூங்கொத்து இருந்தது. பின்னால் பச்சைத் திரை.

"நண்பர்களே, இருபது வருஷமா நான் இந்தத் துறையில இருக்கேன். எந்த நிலையத்துக்குப் போனாலும் ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைக்குப் பேர் மனுஷன். அவன் மறப்பான், ஏமாறுவான், இரக்கப்படுவான். மிச்சமிருந்த அனுமதிகளையும் நேத்து ராத்திரி எடுத்தாச்சு. இன்னைக்கு நம்ம ஒன்பது கணக்குலயும் நுழையறதுக்கு உரிமையுள்ள ஒரு மனுஷன்கூட இல்ல." கைதட்டல் எழுந்தது. "நம்ம கொடையாளர்கள் இப்ப எல்லார்கிட்ட இருந்தும் பாதுகாப்பா இருக்காங்க. திருடங்ககிட்ட இருந்து, நம்மகிட்ட இருந்து, முக்கியமா நோயாளிங்ககிட்ட இருந்து."

மறுபடி கைதட்டல். தட்டாதவர் யார் என்று யாராவது பார்ப்பார்களோ என்ற பயத்தில் அது நீண்டுகொண்டே போனது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தச்சர் நாற்காலியில் இருந்தார். உள்ளே எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று தெரியாமல், ஒருவேளை ரத்தம் கிடைத்துவிட்டதோ என்று எழுந்து நின்றார்.

எழுத்தரால் அதைப் பார்க்க முடியவில்லை. கூட்டத்தின் கடைசி வரிசைக்கு நழுவினார். சுவரோரம் ரத்தப் பெட்டி வண்டியின் ஓட்டுநர் நின்றிருந்தார். ஒருமுறை போன வீட்டுக்கு வழி கேட்க மாட்டார் என்பதால் எல்லோருக்கும் அவர் மேப் அண்ணன். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"தம்பி, வெளிய நிக்கற ஆளு எந்த வகைக்கு வந்திருக்காரு?"

எழுத்தர் சொன்னார்.

ஓட்டுநர் மேடையைப் பார்த்தபடியே சொன்னார். "நோட்டு இருந்த காலத்துல ரத்தம் குடுக்க வர்றவங்களை நான்தான் திரும்ப வீட்ல கொண்டுபோய் விடுவேன்."

"அண்ணே! ஞாபகம் இருக்கா?"

"அதெப்படி இருக்கும்? எங்க ஓட்டுநர்ங்க எல்லார்கிட்டயும் மறதி உறுதிமொழி வாங்கிட்டாங்களே. மனசுல முகவரி வச்சிருக்கறது அனுமதியில்லாத நகலாம். நான் ரெண்டு கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒண்ணு, எல்லாத்தையும் மறந்துட்டேன்னு. இன்னொண்ணு, மறந்ததை மறக்க மாட்டேன்னு."

"விளையாடாதீங்கண்ணே. நாளைக்குக் காலைல ஆபரேஷன்."

ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். "வா. ஆனா ஒண்ணு. நான் உனக்கு எதுவும் சொல்லல. வண்டி தானாப் போகுது."

முதலில் போன வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பழைய ஆட்கள் ஊரைவிட்டே போய்விட்டதாகச் சொன்னார்கள். எழுத்தர் மனத்துக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். வண்டி இரண்டு பாலம் தாண்டி, ஒரு குறுகிய தெருவில், தையல் கடை முன்னால் நின்றது. உள்ளே ஐம்பது வயது தையல்காரம்மா, பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுநரைப் பார்த்ததும் தையல் மெஷின் நின்றது.

"ஏண்ணே, ரெண்டு வருஷமா ஏன் யாரும் கூப்பிடல? என் ரத்தம் ஆகாமப் போயிடுச்சோ, என்கிட்டச் சொல்லச் சங்கடப்படறீங்களோன்னு நெனச்சுக்கிட்டேன். சுகர் இருக்கான்னுகூட நானாப் போய்ப் பாத்தேன், இல்ல."

"உங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்லம்மா" என்றார் எழுத்தர். "நாளைக்கு ஒரு பொண்ணுக்கு ஆபரேஷன். உங்க ரத்தம் வேணும்."

தையல்காரம்மா கேள்வி எதுவும் கேட்கவில்லை. சீருடையை மடித்து வைத்தார். பக்கத்துக் கடையில் சாவியைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். வழியில், கை தைக்காத சட்டைக்காரப் பையன் நாளைக்கு வந்து கத்துவான் என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். அன்று மாலைக்குள் மருத்துவமனையில் ஒரு பை ரத்தம் எடுத்தாகிவிட்டது. வியாழக்கிழமை காலை அறுவை நடந்தது. மதியம் தச்சர் போன் செய்தார். அழுகையில் பாதி விளங்கவில்லை. கண் திறந்துவிட்டாள் என்பது மட்டும் விளங்கியது.

வெள்ளிக்கிழமை காலை பச்சைத் திரையில் ஒரு புள்ளி சிவந்தது.

மருத்துவமனை வழக்கம்போல அனுப்பிய நன்றிக் கடிதம் கணினியில் பதிவானதும் வந்த சிவப்பு அது. தலைவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஒன்பது கணக்கிலும் யாரும் நுழையவில்லை. ஆனால் கொடையாளர் ஒருவர் வெளியே வந்திருக்கிறார். "கதவைத் திறக்காமலே பொருள் போயிருக்கு. இதைவிடப் பெரிய ஊடுருவல் இந்த நிலையத்துல நடந்ததில்ல" என்று அவசரக் கூட்டத்தில் சொன்னார். பிழைத்த பெண்ணின் பேச்சு அந்தக் கூட்டத்தில் ஒரு முறையும் வரவில்லை. வண்டியின் இருப்பிடப் பதிவை வண்டிக் கம்பெனியிடமிருந்து வரவழைத்தார்கள். புதன்கிழமை பிற்பகல் ஒரு குறுகிய தெருவில் இருபது நிமிடம் நின்றிருந்தது. பத்து மணிக்கு ஓட்டுநரின் அட்டை செத்தது.

அவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்டார்கள்.

"அந்தத் தெருவுல எதுக்கு நிறுத்தினீங்க?"

"டீ குடிக்க சார்."

"இருபது நிமிஷமா?"

"சூடா இருந்துச்சு சார்."

"கூட யார் இருந்தா?"

"டீக்குக் கூட ஆள் வேணுமா சார்?"

எத்தனை விதமாகக் கேட்டும் அவர் வாயிலிருந்து எழுத்தர் பெயர் வரவில்லை. மாலைக்குள் காரணமானவர் யாரென்று முடிவாகாவிட்டால் சந்தேகத்துக்குரியவரே காரணமானவர் ஆகிவிடுவார் என்பது விதி. வாசலில் எழுத்தரைக் கடந்து போனபோது ஓட்டுநர் அவரைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. காவலாளியிடம் பொதுவாக, "வெயில் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுத்தர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார், மறுபடி மடித்து வைத்தார். மற்றவர்கள் உணவறைக்குப் போனபின் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். விசாரணைக் கணினி அங்கே ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தது. எட்டாவது கணக்கில் எதையும் படிக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் தகவல் தெரிவிக்க எவரும் எழுதலாம். அந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி வேண்டும் என்று விதி போட யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

ஊடுருவலுக்குக் காரணமானவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு பெயருக்குத்தான் இடம். ஓட்டுநரின் பெயர் சாம்பல் நிறத்தில் காத்திருந்தது. இன்னொரு பெயர் வந்தால் இது போய்விடும்.

எழுத்தர் ஓட்டுநரின் பெயரை அழித்தார். எழுத்தெழுத்தாக அழித்தார், அவசரப்படவில்லை. அங்கே தன் பெயரை எழுதினார். கீழே விளக்கம் கேட்டிருந்தது. பொய் எழுத அவருக்கு மனம் வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்: 'ரத்தம் தேடிப் போனவன் நான். வழி கேட்டவன் நான். அந்த அம்மாளை அழைத்து வந்தவன் நான்.' மூன்றும் உண்மை என்பதில் ஒரு திருப்தி. அனுப்பினார். பதிவு ஏற்கப்பட்டது, இதைப் பார்வையிட எவருக்கும் உரிமை இல்லை என்று திரை சொன்னது. சட்டைப் பையில் அவருடைய அட்டையில் இருந்த சின்ன விளக்கு அணைந்தது.

மறுநாள் காலை ஓட்டுநர் எதற்கும் பார்ப்போம் என்று வந்து வாசலில் அட்டையை வைத்தார். கதவு திறந்தது.

"என்னண்ணே, விட்டுட்டாங்களா?" என்றார் காவலாளி.

"மெஷினுக்கே அலுத்துப் போச்சு போல" என்றார் ஓட்டுநர். உள்ளே போய் ரத்தப் பெட்டியை வாங்கிவந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

தெரு முனையில் பேருந்து நிறுத்தம். அந்த நேரத்தில் அங்கே, விளக்கணைந்த அட்டை சட்டைப் பையில் தெரிய, ஒரே ஒருவர்தான் நின்றிருந்தார். வண்டி வருவதைக் கண்டதும் அவர் சாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அது தாண்டிப் போகும்வரை, தாம் ஏறப்போகாத பேருந்துகளின் நேரப் பலகையை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.